ஐப்பசி மழைக்கு ஒழுகாத அலுமினிய ஜன்னல்: மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீடு. போன புரட்டாசியில் கொல்லைப்புற அறை ஜன்னல் சட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். மேலே பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நின்றது. உள்ளே முழுக்கக் கரையான் மண். மற்ற மூன்று ஜன்னல்களும் ஐப்பசி பிறந்தால் ஊறிப் பெருத்துச் சாத்த வராது, மாசி வெயிலில் சுருங்கிச் சந்து விடும். நான்கையும் அலுமினிய ஸ்லைடிங்குக்கு மாற்றிவிட்டேன்.

நம் ஊர் ஈரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியவில்லை. கரையான் தின்ன ஒன்றுமில்லை, தண்ணீரில் ஊறாது. இரும்பில் துரு உதிர உதிர அரிப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அலுமினியத்தில் காற்று பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் பிடித்துக்கொண்டு அதுவே கவசமாகிவிடும். கீறினாலும் திரும்பப் படரும். எடையும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே குறை, சூட்டை அப்படியே கடத்தும். மேற்குச் சுவரில் சன்ஷேட் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

பழைய சட்டத்தைப் பெயர்ப்பதெல்லாம் கொத்தனார் வேலை, விட்டுவிடுகிறேன்.

அளவு

பூச்சு முழுவதும் காய்ந்த பிறகுதான் அளக்கும் டேப்பைக் கையில் எடுக்க வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகவில்லையென்றால் திறப்பு கோணல். அதில் மாட்டினால் கதவு ஒரு பக்கம் இடிக்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் 5 மில்லிமீட்டர் விடுங்கள். ஆறடி அலுமினியம் 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு இடம் வேண்டுமே. மட்டம் பார்க்க எனக்கு ரசமட்டத்தைவிடத் தண்ணீர் டியூப்தான் நம்பிக்கை.

ஆர்டர்

கடையில் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள். அதோடு தலையாட்டிவிட்டு வராதீர்கள். செக்‌ஷன் (சட்டம் செய்யும் அலுமினியத் துண்டு) எத்தனை மில்லிமீட்டர் தடிமன், ஸ்க்ரூ எதில் செய்தது, ரோலர் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜன்னலுக்கு வரும் அலுமினியம் பெரும்பாலும் 6063 ரகம். நான் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேட்டேன். கொசுவலைக்காக மூன்று டிராக் (கதவு ஓடும் தடம்) கட்டாயம். வயல் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பவுடர் கோட்டிங் 60 மைக்ரானாவது இருக்கட்டும்.

தண்ணீர் போகும் ஓட்டை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். புது ஜன்னல் மாட்டிப் பத்தாம் நாள் ராத்திரி வாடைக் காற்றோடு மழை. காலையில் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர். கண்ணாடியில் விரிசல் இல்லை, ரப்பரும் சரியாக இருந்தது. கீழ் டிராக்கில் மட்டும் தண்ணீர் குளம் கட்டி, விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்திருந்தது.

மாட்டியவரைக் கூப்பிட்டேன். "அந்த ஓட்டையில எறும்பும் பூரானும் வரும் சார், அதான் சிலிக்கான் வெச்சு அடைச்சிட்டேன்" என்றார். நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் ஸ்லைடிங் ஜன்னல் மழையை முழுதாகத் தடுப்பதில்லை. கொஞ்சம் தண்ணீரை டிராக்கில் வாங்கி வெளியே தள்ளுவதுதான் அதன் ஏற்பாடு. வழியை அடைத்தால் தொட்டி ஆகிவிடும்.

அதனால் ஒவ்வொரு டிராக்கின் தண்டவாளத்திலும், கடைசியாக வெளிச் சுவர்ப் பக்கத்திலும், இரண்டு ஓரங்களுக்குப் பக்கத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டு இருக்கிறதா பாருங்கள். பூச்சிக்குப் பயந்தால் வெளியே சின்ன வலைத் துண்டு ஒட்டுங்கள். ஜன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஒரு சாணுக்கு அரை அங்குலம் இறக்கம் போதும். டிராக்கின் உள்பக்க விளிம்பு உயரமாக இருப்பதும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சுமார் 17 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரை நிறுத்தி வைக்கப் போதும். ஓட்டை திறந்திருந்தாலும், விளிம்பு தாழ்வாக இருந்தால் காற்று தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும்.

ஆட்கள் கிளம்பும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றுங்கள். வெளிச்சுவரில் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

சந்து அடைப்பது

புளித்த காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அது சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வெளியே மூன்று பக்கமும் நன்றாக அடைத்து, அடிப்பக்கத்தில் அந்த வெட்டுகளை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பின்சேர்க்கை

கும்பகோணத்திலிருந்து ஒருவர், சட்டத்தில் வெள்ளைத் திட்டு போகவே இல்லை என்று கேட்டிருந்தார். ஈரச் சிமென்ட் தெறித்ததுதான் காரணம். அதன் காரம் அலுமினியத்தைத் தின்னும். தெறித்த உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தில் ஒட்டிய டேப்பை எடுக்காதீர்கள். முடிந்ததும் எடுத்துவிடுங்கள், வெயிலில் மாதக்கணக்கில் விட்டால் பிசின் ஒட்டிக்கொள்ளும்.

வேதாரண்யத்து வாசகர் ஒருவருக்கு வேறு சிக்கல்: ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி. உப்புக் காற்றில் இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் அரிக்கும். கடலோரத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் 304 போதும். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்கிறார். பொடி படிந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு புது ஸ்க்ரூ போடச் சொல்லியிருக்கிறேன்.