இணையம் இல்லாமல் சொந்த மடிக்கணினியில் ஒரு ஏஐ: நான் மாட்டிக்கொண்ட இடம் உட்பட

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கேட்டு வாங்கிய பதவி இல்லை, கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதற்குக் கிடைத்த தண்டனை. பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலை, இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளைப் படித்து எந்தெந்தத் தீர்மானம் நிறைவேறாமல் கிடக்கிறது என்று பட்டியல் போடுவது. ஏஐயிடம் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும்தான், ஆனால் யார் எத்தனை மாதம் பராமரிப்புத் தொகை பாக்கி, யார் வீட்டுக் குழாய் யார் வீட்டுச் சுவரை நனைத்தது, அதற்கு யார் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்பது வரை அந்தக் குறிப்பில் இருக்கிறது. அதைத் தூக்கி எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்ப மனம் வரவில்லை.

அதனால் ஏஐயின் மூளையான மாடலையே என் மடிக்கணினிக்கு இறக்கிக்கொண்டேன். ஒருமுறை டவுன்லோட் செய்துவிட்டால் அப்புறம் இணையமே தேவையில்லை. எப்படிச் செய்தேன் என்பதை, சொதப்பிய இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சேர்த்து எழுதுகிறேன்.

என்ன வேண்டும்

8 ஜிபி ரேம் இருந்தால் சின்ன மாடல் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் வேகம், இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். டிஸ்க்கில் பத்து ஜிபி காலி இருக்கட்டும்.

படி 1: ஆப்

இரண்டு பெயர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள்: ஒல்லாமா, எல்எம் ஸ்டுடியோ. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகியவர்களுக்கு ஒல்லாமா பிடிக்கும். புதிதாக வருபவர்களுக்கு நான் எல்எம் ஸ்டுடியோதான் சொல்வேன், ஏனென்றால் எந்த மாடல் எவ்வளவு ரேம் கேட்கிறது, எந்த அமைப்பை எங்கே மாற்றுவது என்று எல்லாம் கண் முன்னால் இருக்கும். இரண்டும் வளர்ந்தது ஒரே இயந்திரத்தின் மேல்தான், 2023 மார்ச்சில் ஜார்ஜி கெர்கானோவ் வெளியிட்ட லாமா.சிபிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரணக் கணினியின் பிராசசரிலேயே (சிபியூ) மொழி மாடல் ஓடும் என்று பலருக்கும் காட்டியது அதுதான். இன்ஸ்டால் செய்வதை எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 2: மாடலைத் தேர்ந்தெடுப்பது

ஆப்பில் மாடல் தேடும் பக்கத்துக்குப் போனால் தலை சுற்றும். ஒரே மாடலுக்குப் பத்து ஃபைல், ஒவ்வொன்றின் வாலிலும் கியூ4, கியூ6, கியூ8 என்று ஏதோ எழுதியிருக்கும். ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் குழப்பம் தீரும். மாடல் என்பது எண்களின் மூட்டை. பெயரில் 4பி என்று இருந்தால் 4 பில்லியன், அதாவது 400 கோடி எண்கள். ஓர் எண்ணுக்கு 16 பிட், அதாவது 2 பைட் என்று வைத்தால் 8 ஜிபி ஆகிறது. அதையே ஏறத்தாழ 4 பிட்டாகச் சுருக்கினால் இரண்டரை ஜிபி பக்கம் வந்துவிடும். அந்தச் சுருக்கத்தின் அளவைத்தான் கியூ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் சொல்கிறது. கியூ4_கே_எம் (Q4_K_M) என்று முடியும் ஃபைலை எடுங்கள். அதற்குக் கீழே போனால் பேச்சு உளறலாகத் தொடங்குகிறது, மேலே போனால் ரேம் தாங்குவதில்லை.

எந்த மாடல்? தமிழுக்கு என் ஓட்டு ஜெம்மா 3. கூகுள் 2025 மார்ச்சில் 1, 4, 12, 27 பில்லியன் என்று நான்கு அளவுகளில் வெளியிட்டது. 8 ஜிபி ரேமுக்கு 4பி, 16 ஜிபிக்கு 12பி. 1பி பக்கம் போகவே வேண்டாம், அதன் தமிழைப் படித்தால் உங்களுக்கே தமிழ் மறந்துவிடும். புது மாடல்கள் வந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் தேர்ந்தெடுக்கும் கணக்கு இதேதான்.

டவுன்லோட் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு ஏதாவது கேட்டுப் பாருங்கள். இணையம் இல்லாமல் பதில் ஓடி வருவதை முதல்முறை பார்க்கும்போது கொஞ்சம் அமானுஷ்யமாகத்தான் இருக்கும். கூடவே மின்விசிறியும் இரைய ஆரம்பிக்கும், பயப்படாதீர்கள். பேட்டரி சீக்கிரம் காலியாகும், சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள்.

படி 3: இங்கேதான் நான் விழுந்தேன்

கூட்டக் குறிப்புகளைப் பகுதி பகுதியாக ஒரே அரட்டையில் ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "படித்துவிட்டேன்" என்று பவ்யமாகப் பதில் வந்தது. கடைசியில், நிறைவேறாத தீர்மானங்களைப் பட்டியலிடு என்றேன். அழகாக எண் போட்டுப் பட்டியல் வந்தது. நான்காவது வரி: "லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை."

எங்கள் குடியிருப்பில் லிஃப்டே கிடையாது.

திரும்பச் சரிபார்த்தால், நடுவில் ஒட்டிய ஏழெட்டு மாதக் குறிப்புகளிலிருந்து ஒரு தீர்மானம்கூட பட்டியலில் இல்லை. மாடல் மட்டம் என்று நினைத்து வேறு இரண்டு மாடல்களை இறக்கிப் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அவற்றிலும் இதே ஓட்டைதான். கோளாறு மாடலில் இல்லை, நான் தொடாமல் விட்ட ஓர் அமைப்பில் இருந்தது. கான்டெக்ஸ்ட் லெங்த் என்று அதற்குப் பெயர்.

ஒரு நேரத்தில் மாடல் எவ்வளவு உரையைக் கண் முன்னால் வைத்திருக்க முடியும் என்பதுதான் அது. டோக்கன் என்ற துண்டுக் கணக்கில் அளப்பார்கள். ஜெம்மா 3 4பி ஒரு லட்சத்துக்கும் மேல் டோக்கன் தாங்கும், ஆனால் ஆப் அதை ஏற்றும்போது 4096 என்று வைத்துத்தான் ஏற்றியிருந்தது. இடம் நிரம்பியதும் நடுவில் இருந்த உரை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த ஓட்டையை, குடியிருப்பு என்றால் லிஃப்ட் இருக்கும்தானே என்ற பொது அறிவால் மாடல் அடைத்துவிட்டது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நிரம்பும். "வருகிறார்கள்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 12 குறிகள். சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 36 பைட். ஆங்கில எழுத்துக்கோ ஒன்றுக்கு ஒரு பைட்தான். அதோடு, டோக்கன் பிரிக்கும் அகராதியில் ஆங்கிலச் சொற்கள் முழுசு முழுசாக இருக்கும், தமிழ்ச் சொற்களை மாடல் பெரும்பாலும் நறுக்கித்தான் விழுங்கும். அதனால் ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டியில் 4096 போதும் என்று படித்தால் நம்பாதீர்கள்.

சரி, எப்படி மாற்றுவது? எல்எம் ஸ்டுடியோவில் மாடலை ஏற்றும் இடத்தில் அமைப்புகளை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அதைத் திறந்தால் கான்டெக்ஸ்ட் லெங்த் என்ற பட்டை தெரியும். அதை இழுத்துவிட்டு மாடலை மறுபடி ஏற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மாடலுக்கு அது ஒட்டாது.

காரணம் தெரிந்த வேகத்தில் பட்டையைக் கடைசி வரை இழுத்துவிட்டேன், இரண்டாவது முறை விழுந்தேன். கான்டெக்ஸ்ட் கூடக் கூட அதற்கென்று தனியாக ரேம் பிடிக்கும். மௌஸ் அம்புக்குறிகூட நகரவில்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் மீட்டேன். முதலில் 8192, அது ஓடினால் 16384 என்று படிப்படியாகப் போங்கள். என் கணினியில் 16384 வசதியாக ஓடுகிறது.

படி 4: கேட்கும் விதம்

இரண்டு வருடத்தையும் ஒரே மூச்சில் கொடுப்பதை விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு புது அரட்டை, அதில் வரும் பட்டியலைத் தனியே சேமித்து, கடைசியில் எல்லாப் பட்டியலையும் ஒன்றாக ஒட்டிச் சுருக்கச் சொன்னேன். அரட்டை முழுக்க மாடல் பின்பற்ற வேண்டிய கட்டளையை எழுத சிஸ்டம் பிராம்ப்ட் என்று ஒரு பெட்டி உண்டு, அதில் நான் எழுதி வைத்தது இவ்வளவுதான்: "கீழே தந்த குறிப்பில் உள்ளதை மட்டும் சொல். ஒவ்வொரு தீர்மானத்துடனும் கூட்டத் தேதியை எழுது. குறிப்பில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்."

தேதி கேட்பதுதான் இதில் பயன் தரும் பகுதி. தேதியை வைத்து மூலக் குறிப்பை உடனே திறந்து சரிபார்க்கலாம். கற்பனைத் தீர்மானம் இன்னும் எப்போதாவது வரும், தேதியோடு வருவதால் சுலபமாக மாட்டிக்கொள்ளும். டெம்பரேச்சர் என்று ஓர் அமைப்பு, மாடல் சொற்களை எவ்வளவு தாறுமாறாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைச் சொல்வது; அதை 0.2 பக்கம் இறக்கி வைத்தால் அலங்காரப் பேச்சும் குறையும்.

இந்த அளவு மாடலிடம் பொது அறிவு கேட்காதீர்கள், கூச்சமே இல்லாமல் அடித்துவிடும். கையில் உரையைக் கொடுத்து வேலை வாங்கத்தான் சரி.

பின்சேர்க்கை: படித்தவர்கள் முட்டிக்கொண்ட இடங்கள்

ஆப் திறக்கிறது, மாடல் மட்டும் ஏறவில்லை என்று சிலர் எழுதினார்கள். எல்எம் ஸ்டுடியோவுக்கு, விண்டோஸ் என்றால் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 (AVX2, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் வசதி) இருக்கிறதா பாருங்கள். இன்டெலில் அது 2013 முதல் வந்தாலும், பென்டியம், செலரான் பெயரில் வந்த பலவற்றில் அதற்குப் பிறகும் இல்லை. மேக் என்றால் எம்1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

ஒருவர் பழைய ஆவணத்தை ஒட்டியதும் மாடல் "இது குறியீடு போல இருக்கிறது" என்றதாம். யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. கண்ணுக்குத்தான் தமிழ், ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்புக்கும் இதே கதி, அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளுக்குத் தமிழும் தெரியும், உங்கள் கணினியிலேயே ஓடும், அதில் எழுத்தாக்கிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, நானே பட்டது. அரட்டைகள் எல்லாம் கணினியிலேயே சேமிக்கப்படும், ஆப்பைத் திறந்தால் இடது பக்கம் வரிசையாக நிற்கும். போன வாரம் சாப்பிடும்போது என் பையன், "அப்பா, மேல் வீட்டு மாமா ஆறு மாசம் பாக்கியா?" என்கிறான். மடிக்கணினியை வீட்டில் பகிர்ந்துகொள்பவர்கள் தனி யூசர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அரட்டையை அழித்துவிடுங்கள்.