அந்த நீல வயரை வெட்டாதீர்கள்: பழைய மோட்டார்ஹோமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். பழைய மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கிய வண்டியை, வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. படத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகை திறந்து கிடக்கிறது. உள்ளே, பூனை உருட்டிய நூல்கண்டுபோல வயர்கள். ஓரத்தில் அவருடைய கை, கையில் கட்டர். "அண்ணா, இந்த நீல வயர் எங்கேயும் போகல. எடுத்துடலாம்ல?"

எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டாரே, அந்த மட்டில் அவர் என்னைவிடப் புத்திசாலி. நான் யாரையும் கேட்கவில்லை.

டயர் பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள், கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள் என்பதெல்லாம் வண்டி வாங்கும்போதே ஆளுக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது, முன்பு வைத்திருந்தவர் தன் தேவைக்குத் தானே மாற்றி வைத்த சமாச்சாரங்களைப் பற்றி. அவற்றுக்கு மேனுவல் கிடையாது. வண்டியின் வயரிங் படத்தை விரித்து வைத்துத் தேடினாலும் அந்த சுவிட்ச் அதில் இருக்காது.

புரியாத ஒன்றை "வேலை செய்யாதது" என்று முடிவுகட்டுவது

என் வண்டிக்கு அப்போது வயது இருபத்தேழு. சாப்பாட்டு மேசை பெஞ்சுக்குப் பின்னால், துணி வைக்கும் அலமாரியின் உட்புறத்தில், சிவப்பு மூடி போட்ட ஒரு சுவிட்ச் இருந்தது. பெயர் இல்லை, விளக்கு இல்லை. மேலே தட்டினேன், கீழே தட்டினேன். எதுவும் எரியவில்லை, எதுவும் அணையவில்லை. பம்ப், ஃபேன், படிக்கட்டு விளக்கு என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. செத்த சுவிட்ச் என்று முடிவு செய்து கழற்றினேன். பின்னால் வந்த இரண்டு வயரையும் வெட்டி, டேப் சுற்றி, சுவருக்குள் தள்ளினேன். அலமாரியைத் தேய்த்து வெள்ளை பெயிண்ட் அடித்தேன். அன்று சாயங்காலம் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. முகாம்களில் கரண்ட் இணைப்பு இருந்தது. கூரையில் சின்னதாக ஒரு சோலார் பேனலும் இருந்தது. வீட்டு பேட்டரி, அதாவது விளக்கும் பம்பும் ஓடுகிற பேட்டரி, எப்படியோ நிரம்பிக்கொண்டிருந்தது. பிறகு நாலு நாள் மேகமூட்டம், கரண்ட் இல்லாத இடம். தினமும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டியும் இரவு எட்டு மணிக்கு விளக்கு மங்கியது. பேட்டரி போய்விட்டது என்று புதிதாக இரண்டு வாங்கிப் போட்டேன். அவையும் பாதி காலி நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தன. லெட் ஆசிட் பேட்டரியை அப்படிப் போட்டுவைத்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்பட்டு, கொள்ளளவு திரும்பவே திரும்பாது. அடுத்து, வெளிக் கரண்டை வாங்கி பேட்டரிக்கு ஏற்றுகிற கன்வெர்ட்டர்தான் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை என்று அதை மாற்றினேன். அதற்கும் மேலே போய், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். "இது நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, முன்னால் இருந்த ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 14.1 வோல்ட், அதாவது சார்ஜ் ஏறுகிறது. உள்ளே வந்து வீட்டு பேட்டரியில் வைத்தார்: 12.2, சார்ஜ் ஏறவில்லை. "அங்கே 14, இங்கே 12. இரண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டார். நாலு மாதத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் இருந்தது ஒரு சோலனாய்டு, அதாவது காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் மூடிக்கொள்கிற பெரிய சுவிட்ச். இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் சேர்த்துவைப்பதும், நின்றதும் பிரித்துவைப்பதும் அதன் வேலை. அப்போதுதான் இரவில் விளக்கு எரித்துத் தீர்த்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். சாவி போட்டதும் அதன் காயிலுக்குக் கரண்ட் வர வேண்டும். என் வண்டியில் அந்தச் சாவி வயர் எப்போதோ எங்கேயோ அறுந்துபோயிருக்கிறது. டேஷ்போர்டைப் பிரித்துத் தேடுவதற்குப் பதில், முன்பு வைத்திருந்த புண்ணியவான் வேறு வழியில் கரண்ட் கொண்டுவந்து கையால் போடுகிற சுவிட்ச் ஒன்றை வைத்துவிட்டார். நான் தட்டியபோதெல்லாம் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பானெட்டுக்கு அடியில் "டக்" என்று ஒரு சத்தம் வந்திருக்கும். நான் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னும் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்கு முன், நிறம் தேர்வு செய்ய அலமாரியைப் போட்டோ எடுத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், சுவிட்சுக்கு இரண்டு விரல் கீழே பென்சிலில் எழுதியிருக்கிறது: "வண்டி ஓடும்போது மட்டும்." அம்புக்குறியோடு. அந்த மனிதர் எழுதித்தான் வைத்திருக்கிறார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அழித்தவன் நான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு முறை உண்டு. தெரியாத வயரோ சுவிட்சோ கண்ணில் பட்டால் ஐந்து நிலைகளில் சோதிப்பேன்: எல்லாம் அணைந்திருக்கும்போது, சாவி போட்டதும், இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் போட்டதும், வெளிக் கரண்ட் இணைத்ததும். எதிலும் உயிர் இல்லை என்றால்கூட வெட்ட மாட்டேன். ஒரு முனையை மட்டும் கழற்றி, டேப் சுற்றி, தேதி எழுதிக் கட்டிவைப்பேன். ஒரு பருவம் முழுக்க வண்டி ஓடிய பிறகும் யாரும் அதைத் தேடவில்லை என்றால் அப்போது பார்க்கலாம். சுத்தம் செய்வதற்கும் பெயிண்ட் அடிப்பதற்கும் முன், எல்லா அலமாரிக் கதவுகளின் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். சாய்வாக டார்ச் அடித்தால் மங்கிய பென்சில் எழுத்தும் தெரியும்.

மீட்டர் காட்டும் 12-ஐ நம்புவது

டிஜிட்டல் மல்டிமீட்டர் கரண்டே இழுக்காது என்று சொல்லலாம். இருபது இழை இருந்த வயரில் அரித்துப்போன ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12.6 காட்டும். பம்பைப் போட்டதும் அந்த வோல்ட் சரிந்துவிடும். "கரண்ட் வருது, பம்ப்தான் போச்சு" என்று பம்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் இரண்டு முறை மாற்றினார்.

பழைய பாணி டெஸ்ட் லேம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். உள்ளே சாதாரண இழை பல்ப் இருக்க வேண்டும். அது கொஞ்சம் கரண்ட் இழுத்துப் பார்க்கும். பளிச்சென்று எரிந்தால் அந்த அளவு கரண்டாவது வயரில் வருகிறது. மங்கலாக எரிந்தால், இடையில் எங்கோ ஓர் இணைப்பு அழுகியிருக்கிறது. பெரும்பாலும் அது, ஓடும் வயரின் மேல் அப்படியே கடித்துக்கொள்கிற நீல நிற பிளாஸ்டிக் கிளிப்பாக இருக்கும். அவசரத்துக்கு வயர் இழுத்தவர்களுக்கு அந்தக் கிளிப் மேல் தனிப் பிரியம். திறந்து பாருங்கள், உள்ளே பச்சைப் பொடி இருக்கும். வண்டி அதிர அதிர உள்ளே இருக்கும் தகடு இழைகளை ஒவ்வொன்றாக அறுத்திருக்கும்.

எர்த் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். என் வண்டியில் ஒரு ஃபேனின் எர்த் வயர் மரச்சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முறுக்கப்பட்டிருந்தது. மரத்தில்! அந்த ஸ்க்ரூவின் நுனி மறுபக்கம் ஒரு இரும்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் நல்ல நாளில் ஃபேன் ஓடியது.

நிறத்தை வைத்து முடிவு செய்வது

அமெரிக்க மோட்டார்ஹோம்களின் வீட்டுப் பகுதியில் 12 வோல்ட் பாசிட்டிவ் பெரும்பாலும் கறுப்பு, நெகட்டிவ் வெள்ளை. அதே வண்டியில் வெளிக் கரண்டின் லைவ் வயரும் கறுப்புதான், நியூட்ரலும் வெள்ளைதான். கார் பழகிய கை, கறுப்பு என்றால் எர்த் என்று நினைக்கும். இதற்கு மேல், முன்பு வைத்திருந்தவர் கையில் மிச்சமிருந்த வயரை எந்த நிறம் என்று பார்க்காமல் இழுத்திருப்பார். வெளி இணைப்பைக் கழற்றுங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள், அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு கை வையுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியது போடுவது

ஃபியூஸ் காப்பது வயரை, கருவியை அல்ல. 10 ஆம்பியர் வயருக்கு 30 போட்டால் அடுத்த ஃபியூஸ் அந்த வயர்தான்.

இரண்டு முனையிலும் பிளக் பின் உள்ள கரண்ட் வயர்

குப்பைக்கு. இதை மட்டும் தாராளமாக வெட்டலாம். ஒரு முனை செருகியிருக்கும்போது மறுமுனையின் பின்களில் உயிர் இருக்கும். தொட்டவர் பிழைத்தால் அதிர்ஷ்டம்.

இன்வெர்ட்டர் எங்கே போகிறது என்று பார்க்காமல் விடுவது

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பழைய வண்டிகளில் இன்வெர்ட்டரைப் பின்னாளில் சேர்த்தவர்கள், அதன் வெளியீட்டை வண்டியின் கரண்ட் இணைப்புக்கே கொடுத்திருப்பார்கள். எல்லா பிளக்கிலும் கரண்ட் வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இணைப்பில் பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரும் இருக்கிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து கன்வெர்ட்டர், கன்வெர்ட்டரிலிருந்து திரும்பப் பேட்டரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு சூடாக வீணாகும். தன் வாலைத் தானே தின்னும் பாம்பு.

போதாததற்கு, கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற ஃபிரிட்ஜ் கரண்டைக் கண்டதும் தானாக அதற்கு மாறிக்கொண்டு, ஹீட்டர் வழியாக நூற்றுக்கணக்கான வாட்டை விழுங்கும். இன்வெர்ட்டர் ஓடும்போது கன்வெர்ட்டரின் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் கேஸில் இருக்க வேண்டும். முன்பு இருந்தவர் இதைக் கையாலேயே தினமும் செய்திருப்பார். அது அவருக்குப் பழக்கம். உங்களிடம் சொல்ல மறந்திருப்பார்.

கேஸ் அறையின் துவாரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது

புரியாததைத் தொடாதே என்று மேலே இவ்வளவு நேரம் சொன்னேன். இங்கே அது செல்லாது. கேஸ் சிலிண்டர் அறையின் தரையில் துவாரம் இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்த வழியாக வெளியேற வேண்டும். குளிர் வருகிறது, தூசி வருகிறது, பூச்சி வருகிறது என்று ஃபோம் வைத்து அடைத்திருப்பார்கள். நான் அதில் பழைய துணி, டேப், ஒருமுறை பாலியூரித்தேன் நுரை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஏன் அடைத்தார் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்றோட்டத் துவாரங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டால் கத்துகிற அலாரத்தைத் திருப்பிப் பாருங்கள், காலாவதித் தேதி பின்னால் இருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கத்துகிறது என்பதற்காக, காலாவதியான அலாரத்தை நம்பக் கூடாது.

கேஸ் குழாயில் அவர் ஏதாவது ஒட்டுப்போட்டிருந்தால் தகுதியுள்ள ஆளைக் கூப்பிடுங்கள். நான் எல்லாவற்றிலும் கைவைப்பவன், இதில் வைப்பதில்லை.

வெந்நீர் வரவில்லை என்று ஹீட்டரைப் பிரிப்பது

ஹீட்டருக்குப் பின்னால் வால்வு இருக்கும். சில வண்டிகளில் மூன்று. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து டேங்க் வெடிக்காமல் இருக்க ஹீட்டரை ஒதுக்கிவிட்டுக் குழாயை மட்டும் இணைக்கும் ஏற்பாடு அது. போன குளிர்காலத்தில் திருப்பிவைத்ததை அப்படியே விட்டுவிட்டு விற்றிருப்பார். வால்வைத் திருப்பினால் வேலை முடிந்தது. அதற்கு முன், டேங்கில் தண்ணீர் இல்லாமல் மின் ஹீட்டரைப் போட்டிருந்தால் அதன் எலிமென்ட் சில நிமிடங்களிலேயே எரிந்திருக்கும்.

சிலிக்கான் மேல் சிலிக்கான்

ஒழுகலை அடைக்கப் பூசுகிற சிலிக்கான் பசையைச் சொல்கிறேன். ஒட்டாது. பழையதை முழுக்க வழித்தெடுக்கும் வரை புதியது எதுவும் ஒட்டாது.

அவர் கூட்டிய எடையைக் கணக்கில் சேர்க்காதது

கல் மேசை, டைல்ஸ் தரை, கெட்டி மர அலமாரி, மூன்றாவது பேட்டரி. தண்ணீர், எரிபொருள், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடைமேடைக்குப் போய் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருப்பது சகஜம்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனிப் புதிராகப் பார்ப்பது

ஒரு ஆளின் வேலைக்கு ஒரு கையெழுத்து உண்டு. என் வண்டியில் இருவர் கை வைத்திருக்கிறார்கள். ஒருவர் வயர் முனையில் லக் என்ற உலோக முனையைப் போட்டு அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் என்ற பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் சுருக்கி, பென்சிலில் குறிப்பு எழுதுகிறவர். இன்னொருவர் வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுகிறவர். முதலாமவர் செய்தது விசித்திரமாகத் தெரிந்தால் எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். இரண்டாமவர் செய்தது சரியாகவே ஓடினாலும் பிரித்துப் பார்ப்பேன். இது பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. பிடிபட்ட பிறகு பாதிப் புதிர்கள் ஒரே வாரத்தில் அவிழ்ந்தன. விற்றவரின் போன் எண் உங்களிடம் இருந்தால் குறை சொல்லக் கூப்பிடாதீர்கள். "இதை எதுக்குண்ணே வெச்சீங்க?" என்று கேளுங்கள். செய்ததைப் பற்றிப் பேசச் சொன்னால் யாரும் சலித்துக்கொள்வதில்லை.

நீல வயர் தம்பிக்கு வருவோம். சாவி போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவரை செத்துக் கிடந்த வயரில் 12 வோல்ட் வந்தது. தரைக்கு அடியில் தொடர்ந்து போனால், கதவுக்குக் கீழே இருக்கும் மின் படிக்கட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் போய் நின்றது. சாவி போட்டதும் மறந்து விட்ட படியை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லும் வயர் அது. வெட்டியிருந்தால், முதல் திருப்பத்தில் ஒரு கல்தூணோ ஒரு சைக்கிள்காரரோ அதைக் கண்டுபிடித்திருப்பார்கள். தம்பி இப்போது அதில் பெயர் எழுதிக் கட்டியிருக்கிறார். நேற்று இன்னொரு போட்டோ வந்தது. இந்த முறை வயர் மஞ்சள், கையில் கட்டருக்குப் பதில் டெஸ்ட் லேம்ப்.