எஸ்டிஐ-யில் படம் வரவில்லையா? கார்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காஸ்பர்சிஜி (ஒளிபரப்புக்கு வீடியோ, கிராஃபிக்ஸ் ஓட்டும் மென்பொருள்) சர்வர், அதில் எஸ்டிஐ (ஒளிபரப்பு வீடியோவைக் கேபிளில் அனுப்பும் முறை) அவுட்புட் தரும் டெக்லிங்க் டூயோ 2 கார்டு, கோப்புகள் நெட்வொர்க்கில் இருக்கும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியில். பிளே கொடுத்தால் மானிட்டர் கருப்பாகவே நிற்கிறது. பலரும் உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்கள். அது கடைசி வேலை. கோளாறு சர்வருக்குள்ளா, கார்டுக்கு அப்பாலா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஸ்கிரீனில் பாருங்கள்

காஸ்பர்சிஜியின் அதே சேனலுக்கு (ஓர் அவுட்புட் ஓடை) ஸ்கிரீன் அவுட்புட் ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். கம்ப்யூட்டர் மானிட்டரிலேயே ஒரு ஜன்னல் திறக்கும். அதில் படம் ஓடி, எஸ்டிஐ-யில் மட்டும் இல்லையென்றால் படி 2. அதிலும் இல்லையென்றால் கார்டின் மேல் பழியில்லை. கோப்பின் பெயரைச் சரிபாருங்கள். கட்டளை வரும் டிசிபி போர்ட் 5250-ஐ ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: கார்டு யார் கையில்?

ஓர் அவுட்புட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். சோதிக்கத் திறந்த மீடியா எக்ஸ்பிரஸை (கார்டுடன் வரும் பதிவு, பிளேபேக் மென்பொருள்) மூட மறந்திருந்தால் காஸ்பர்சிஜிக்குக் கார்டு கிடைக்காது. காஸ்பர்சிஜியின் லாக்கில் (நடப்பதைப் பதியும் கோப்பு) பிழை விழும். கார்டே பட்டியலில் இல்லையென்றால் டெஸ்க்டாப் வீடியோ என்ற கார்டின் டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிக்கக் கேட்டால் செய்துவிட்டு, மெஷினை முழுதாக அணைத்துப் போடுங்கள். வெறும் ரீஸ்டார்ட் போதாமல் போகலாம்.

காஸ்பர்சிஜியின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் டெக்லிங்க் எண் 1-இலிருந்து தொடங்கும். அந்த எண் வரிசையும் கார்டின் பின்புறக் கனெக்டர் வரிசையும் ஒன்றாக இருக்குமென்று நம்ப வேண்டாம். கேபிளை ஒவ்வொரு கனெக்டராக மாற்றிப் பார்த்து, லேபிள் ஒட்டிவிடுங்கள்.

படி 3: ஃபார்மட்

சேனல் 1080ஐ50 (நொடிக்கு 50 அரைஃப்ரேம்), மானிட்டரோ நொடிக்கு 59.94-க்கு மட்டும் பழகியது என்றால் கருப்புதான். 1080பி50-க்கு (நொடிக்கு 50 முழு ஃப்ரேம்) 3ஜி-எஸ்டிஐ என்ற வேகமான வகை தேவை. அதிலும் லெவல் ஏ, லெவல் பி என்று இரண்டு வகை. பழைய வீடியோ சுவிட்சர் (பல படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கருவி) சில ஒன்றை மட்டுமே ஏற்கும். டெஸ்க்டாப் வீடியோ செட்டப்பில் அதை மாற்றிப் பாருங்கள். 1080ஐ50-இல் வந்து 1080பி50-இல் மட்டும் படம் மறைந்தால் முதல் சந்தேகம் லெவல், அடுத்தது கேபிள். எஸ்டிஐ-க்கு 75 ஓம் கேபிள் வேண்டும். 50 ஓம் கேபிளும் அதே பிஎன்சி கனெக்டரில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும், அதுதான் தொல்லை. நல்ல நிலையில் உள்ள 1 மீட்டர் கேபிளைப் போட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

படி 4: படம் வருகிறது, ஆனால் திக்குகிறது

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். 1080பி50-இல் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஓர் அவுட்புட்டுக்கு நொடிக்குச் சுமார் 415 எம்பி. நான்கு அவுட்புட்டுக்கு 1,660 எம்பி. டூயோ 2 கார்டு மதர்போர்டுடன் இணைவது பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை, 4 லேன் (தரவுப் பாதை) வழியே. லேனுக்கு நொடிக்கு 500 எம்பி வீதம் 2,000. இடம் போதும். ஆனால் பார்க்க நீளமான ஸ்லாட்டாக இருந்தாலும் உள்ளே 1 லேன் மட்டும் இணைத்திருக்கும் மதர்போர்டுகள் உண்டு. அப்போது முதல் அவுட்புட் ஒழுங்காக ஓடும். இரண்டாவதைத் திறந்ததும் ஃப்ரேம் விழத் தொடங்கும். வன்பொருள் விவரம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கார்டின் தற்போதைய லிங்க் அகலம் 4 என்று காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேஸின் உலோகத்தைத் தொட்டு, கார்டை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். அல்லது ஸ்லாட்டை மாற்றுங்கள். இப்போதுதான் ஸ்க்ரூடிரைவருக்கு வேலை.

லிங்க் சரியாக இருந்தும் திக்கினால் அதே கோப்பை உள்ளூர் எஸ்எஸ்டி-க்கு நகலெடுத்து ஓட்டுங்கள். சீராக ஓடினால் குற்றவாளி நெட்வொர்க். ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற உயர்தர வடிவில் 1080ஐ50 கோப்பு ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 184 மெகாபிட். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு லேயர் சேர்ந்து ஓடினால் 736. ஒரு கிகாபிட் லைனில் யாராவது நடுவே கோப்பு நகலெடுத்தால் போதும், திரையில் தெரியும். ஒளிபரப்ப வேண்டியவற்றை முன்கூட்டியே உள்ளூர் டிஸ்க்குக்குக் கொண்டுவருவது 10 கிகாபிட் சுவிட்ச் வாங்குவதைவிட மலிவு.