சிறிய பயண ட்ரெய்லரை முறையாகக் கைமாற்றி வழியனுப்புவது எப்படி?

விற்பது என்று வீட்டில் முடிவான அன்றே விளம்பரம் கொடுத்துவிட வேண்டாம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், படுத்துத் தங்கக்கூடிய அந்தச் சிறு வண்டி வீட்டை, அதாவது ட்ரெய்லரை, இன்னும் ஒரு முறை, இரண்டு இரவுகளுக்காவது, வெளியே இழுத்துச் செல்லுங்கள். கலிஃபோர்னியாவில் 11 ஆண்டுகள் எங்களோடு ஓடிய 13 அடி ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லரைக் கடைசியாக ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஜம்போ ராக்ஸ் முகாமுக்குக் கொண்டுசென்றோம். அங்கே குழாய்த் தண்ணீரும் மின் இணைப்பும் கிடையாது என்பதால், பேட்டரி இரவு முழுவதும் தாங்குகிறதா, தண்ணீர் பம்பு சீராக இழுக்கிறதா, ஃபிரிட்ஜ் கேஸில் குளிர்கிறதா, ஹீட்டர் பற்றுகிறதா என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிட்டது. அப்படித் தெரிவதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஊர் திரும்பியதும் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். மெத்தைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஜன்னல்களுக்குக் கீழும் கூரைத் திறப்பைச் சுற்றியும் மூலைகளிலும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கள் ட்ரெய்லரில் படுக்கையின் தலைமாட்டில், காப்பிக் கறைபோல் ஒரு வளையம் தெரிந்த இடத்தில், ஒட்டுப்பலகை விரலுக்கு மெல்ல உள்வாங்கியது. அந்த இடத்தின் மேல் மெத்தையைத் திரும்பப் போடாமல், வந்து பார்த்த ஒவ்வொருவரிடமும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அதற்கேற்ப விலையையும் குறைத்தோம். மறைத்து விற்றால் அடுத்த மழையில் நனையப்போவது இன்னொரு வீட்டுக் குழந்தைகளின் படுக்கை.

டயரில் பூ தேயாமல் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். நிறுத்தியே கிடக்கும் ட்ரெய்லரில் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடும். கழிவுத் தொட்டிகளை அதற்கென உள்ள டம்ப் ஸ்டேஷனில் காலி செய்து, நன்றாக அலசிவிட்டே ஒப்படையுங்கள்.

பொருள்களைக் காலி செய்ய ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்; வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளாக இருப்பது நல்லது. இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவினால்தான் அதன் பின்னால் விழுந்து கிடப்பவை கைக்கு வரும். எங்களுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரும், மகள் எப்போதோ பொறுக்கி வந்த பைன் காயும் கிடைத்தன. தண்ணீர்க் குழாய், சமன் செய்யும் கட்டைகள், பழுதுபார்த்த ரசீதுகள் என ட்ரெய்லரோடு மட்டுமே பயன்படுபவை ட்ரெய்லரோடே போகட்டும். பயணக் குறிப்பேடு உங்களிடம் இருக்கட்டும்.

கலிஃபோர்னியாவில் உரிமைச் சான்றில் விற்பவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதோடு, விற்ற 5 நாட்களுக்குள், வண்டி இனி தம் பொறுப்பில் இல்லை என்று தெரிவிக்கும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை மோட்டார் வாகனத் துறைக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவர் 10 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அறிவிப்பை அனுப்பத் தவறினால், பிறகு வரும் பார்க்கிங் அபராதம் உங்கள் வாசலுக்கே வரக்கூடும்.

ஒப்படைக்கும் நாளில் அவசரம் காட்டாதீர்கள். காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஹிட்சை மாட்டுவதை நீங்கள் செய்து காட்டிய பின், கழற்றிவிட்டு வாங்குபவரையே ஒரு முறை மாட்டச் சொல்லுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும், ட்ரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இழுகம்பிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். எப்போதாவது ஹிட்ச் கழன்றாலும் கம்பியின் முனை சாலையில் இடிக்காமல் அந்தக் குறுக்குச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். கடைசியாக விளக்குச் சோதனை. அவர் காரில் அமர்ந்து இயக்க, நீங்கள் ட்ரெய்லரின் பின்னால் நின்று இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகக் குரல் கொடுங்கள். மூன்றும் சரியாக எரிந்ததும், பின்பக்கத்தை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.