நச்சு உலோகம் கலந்த மண்ணில் எதை நடலாம், எதை உண்ணலாம்: காவிரி டெல்டா விவசாயிகளுக்கான வழிகாட்டி

நகரக் கழிவுநீர் சேரும் வடிகாலை ஒட்டியோ, பட்டறைக் கழிவும் பழைய பேட்டரிகளும் கொட்டப்பட்ட திடலுக்கு அருகிலோ நிலம் வைத்திருப்பவர்கள், பயிர் நன்றாக விளைகிறது என்பதை மட்டும் கொண்டு மண் சுத்தமாக இருக்கிறது என முடிவு செய்யக் கூடாது. உண்பவருக்குத் தீங்கு செய்யும் அளவுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் நெல்மணியில் சேர்ந்த பிறகும் பயிர் பச்சை மாறாமல் நிற்கும். ஜப்பானின் தொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, பாசனநீர் வழியே வயலுக்கும், அரிசி வழியே மக்களின் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் சென்றது. 'இதாய் இதாய்' எனப்பட்ட அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் அறிவித்தது.

செடி இதை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்தால்தான் அடுத்துச் செய்ய வேண்டியவை விளங்கும். நெல்வேர் மாங்கனீசை உறிஞ்சும் பாதையிலேயே காட்மியமும் நுழைகிறது. பாஸ்பேட்டுக்கும் சிலிக்காவுக்கும் உரிய பாதைகளில் ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு நுழைகிறது. உள்ளே வந்த உலோகத்தைச் செடியால் அழிக்க முடியாது. ஆகவே, கந்தகம் நிறைந்த ஃபைட்டோகெலாட்டின் என்னும் சிறு பெப்டைடுகளை (புரதத் துணுக்கு போன்றவை) உருவாக்கி, அவற்றால் உலோகத்தைப் பிணைத்து, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற அறையில், எலிமருந்தைப் பரண்மேல் ஒதுக்கி வைப்பதுபோல, ஒதுக்கிவிடுகிறது. பெரும்பாலான பயிர்கள் இந்த வேலையை வேரிலேயே முடித்துக்கொள்கின்றன. சில செடிகள் மட்டும் உலோகத்தை இலைவரை ஏற்றிச் சேமிக்கின்றன: டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்சனிக்கை இலைகளில் குவிக்கிறது, நியூ கலிடோனியாவில் உள்ள ஒரு மரத்தின் பால், நிக்கல் மிகுதியால் நீலப்பச்சையாக வடிகிறது.

முதல் வேலை மண் பரிசோதனை. வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் காரீயம், காட்மியம், குரோமியம் ஆகியவை இருப்பதில்லை. அவற்றைப் பரிசோதிக்கும் வசதியுள்ள ஆய்வகம் எது என்று வேளாண்மை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துத் தனியாகக் கேட்க வேண்டும். வயலின் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்ப வேண்டும். மண்வெட்டியால் குழி வெட்டினாலும், மாதிரியை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ சுரண்டி எடுப்பது நல்லது. இரும்பு பட்ட மண் முடிவைத் திரித்துவிடும். வடிகால் ஓரத்து மண்ணைத் தனிப் பையில் இட வேண்டும்.

உலோகம் இருப்பது உறுதியானால், செடியை வைத்தே அதை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்ற ஆலோசனை பலரிடமிருந்தும் வரும். கடுகும் சூரியகாந்தியும் ஓரளவு எடுக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரு போகத்தில் அவை எடுப்பது மிகச் சிறிது. மண் தேற நீண்ட ஆண்டுகள் பிடிக்கும். ஓரிரு மா நிலத்தை நம்பிப் பிழைப்பவருக்கு, உலோகத்தை வெளியேற்றுவதைவிட அது தட்டுக்கு வராமல் தடுப்பதே முதன்மை என்பது என் உறுதியான கருத்து. கீரைகள் இலையில் அதிகம் சேர்ப்பதால் அங்கே கீரைப் பாத்தி கூடவே கூடாது. பூச்செடிகளோ பருத்தியோ பயிரிடலாம். வடிகால் கரையில் வெட்டிவேர் நட்டால் மண் அரிக்காது, உலோகத்தின் பெரும்பகுதியும் வேரிலேயே தங்கும். ஆனால் அந்த வேரைப் பானைத் தண்ணீரில் போடவோ, அதற்காக விற்கவோ கூடாது.

நெல்தான் வேண்டும் என்றால் நீர் நிர்வாகத்தில் கவனம் தேவை. தண்ணீர் தேங்கிய சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். வயல் காய்ந்தால் மீண்டும் கரைந்து வேருக்குள் செல்லும். எனவே காட்மியம் உள்ள நிலத்தில், கதிர் வெளிவரும் காலத்துக்கு மூன்று வாரம் முன்பும் பின்பும் தண்ணீர் நிற்க வேண்டும். அப்போது, வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை வேண்டாம். ஆர்சனிக் விஷயத்தில் நேர்மாறு: தேங்கிய நீரே அதை விடுவிக்கிறது, காய்ச்சல்தான் குறைக்கும். எந்த உலோகம் என்று தெரியாமல் முறையை மாற்றுவது ஆபத்து என்பதால்தான் பரிசோதனையை முதலில் வைத்தேன். தண்ணீர் உறுதியில்லாத கடைமடையில், காட்மியம் கண்ட வயலில் நெல்லைத் தவிர்ப்பதே நல்லது.

வைக்கோலில் மணியைவிடக் காட்மியம் அதிகம் தங்குவதால் அதை மாட்டுக்குப் போடக் கூடாது, மடக்கி உழவும் கூடாது. கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் வாரிய ஆகாயத்தாமரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது நீரிலுள்ள உலோகத்தை வேரில் சேர்த்து வைப்பதால், அதை மக்கவைத்துத் தோட்டத்துக்கு இடுவது வாய்க்கால் நஞ்சை வீட்டுக்குக் கொண்டுவருவதாகும்.

அறுவடைக்குப் பின் அரிசியையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம் என்பது கோடெக்ஸ் உணவுத்தர அமைப்பின் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அந்த நெல்லை வீட்டுக்கும் வைக்காமல், விற்காமல், அடுத்த போகத்திலிருந்து பயிரை மாற்றிவிட வேண்டும்.