மொரிஸ் மைனர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரிட்டிஷ் காரான மொரிஸ் மைனரில், மைனர் 1000 என்றால் 1000 சிசி என்ஜின் என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1956 அக்டோபரில் அந்தப் பெயரோடு வந்த வண்டியில் இருந்தது 948 சிசி என்ஜின். 1962-இல் அது 1098 சிசி ஆனது. 37 குதிரைத்திறன் 48-க்கு ஏறியது. முன் பிரேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்துக்குப் பெருத்தது. பேட்ஜை மட்டும் மாற்றவில்லை. கடைசி வண்டி வரைக்கும் போனட்டின் பக்கத்தில் 'மைனர் 1000' என்றே இருந்தது.

இது தெரியாமல் நான் 'மைனர் 1000-க்கு முன் பிரேக் ஷூ' என்று மட்டும் சொல்லி ஆர்டர் போட்டேன். வந்தது 7 அங்குல ஷூ. என் வண்டியின் டிரம் 8 அங்குலம். கடைக்காரர் கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து டிரம்மைக் கழற்றி அளந்து பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

இந்த வண்டியில் இவ்வளவு குழப்பம் வரக் காரணம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர், 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1971 வரை விற்பனையில் இருந்தது. இந்த 23 வருடத்தில் உருவம் பெரிதாக மாறவே இல்லை. உள்ளே உள்ளவைதான் ஒவ்வொன்றாக, வேறு வேறு வருடங்களில் மாறின. அதனால் 'எந்த வருட வண்டி?' என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

முன்கண்ணாடியையும் ஹெட்லைட்டையும் மட்டும் பார்த்து மாடலைச் சொல்வது அடுத்த தவறு. நடுவில் பட்டை வைத்து இரண்டாகப் பிரித்த கண்ணாடி இருந்தால் 1956 அக்டோபருக்கு முந்தைய வண்டி என்பது சரி. ஹெட்லைட் கீழே கிரில்லுக்குள் இருந்தால் அது தொடக்க கால எம்எம் வரிசை. ஆனால் அமெரிக்க விதிகளுக்காக ஹெட்லைட்டை மட்கார்டுக்கு மேலே தூக்கியதும், பிந்தைய எம்எம் வண்டிகளும் அவற்றுக்கு அடுத்து வந்த இரண்டாம் வரிசையும் வெளியிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றுபோல ஆகிவிட்டன. போதாக்குறைக்கு, 1952-இல் இரண்டாம் வரிசை நான்கு கதவு வண்டியாக முதலில் வந்தபோது, இரண்டு கதவு எம்எம்மும் கூடவே விற்றுக்கொண்டிருந்தது. போனட்டைத் திறந்து பாருங்கள். எம்எம்மில் பழைய 918 சிசி சைடுவால்வ் (வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும்) என்ஜின் இருக்கும். இரண்டாம் வரிசையில் இருப்பது ஆஸ்டின் நிறுவனத்தின் ஏ30 காரிலிருந்து வந்த 803 சிசி ஓவர்ஹெட் வால்வ் (வால்வுகள் மேலே இருக்கும்) என்ஜின். மொரிஸும் ஆஸ்டினும் அந்த வருடம்தான் ஒன்றாக இணைந்தன.

என்ஜினும் முழுச் சாட்சி ஆகாது. 948 இருந்த இடத்தில் 1098-ஐ மாட்டுவது இந்த வண்டிக்காரர்களிடையே சாதாரணம். வோல்ஸ்லி 1500 காரின் பெரிய பிரேக்கைப் போட்டவர்களும் உண்டு. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுகிற பழைய சிக்னல் 1961-இல் போய் மின்னும் விளக்கு வந்தது. பாதுகாப்புக்காகப் பழைய வண்டிகளிலும் பலர் மின்னும் விளக்கைப் பொருத்திவிட்டார்கள். அது நல்ல காரியம்தான், ஆனால் அதை வைத்து வருடத்தைக் கணிக்காதீர்கள்.

மைனரின் ஸ்டேஷன் வேகன் வடிவமான டிராவலர் விஷயத்தில் நடக்கும் தவறு பணத்தை மட்டுமல்ல, உயிரையும் தொடும். பின்பக்க மரச்சட்டத்தை அலங்காரம் என்று நினைத்து, வார்னிஷ் பளபளப்பைப் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். அது ஆஷ் மரத்தில் செய்த நிஜமான சட்டம். பின்பாகத்தைத் தாங்குவதே அதுதான். பழுப்பு மரம் கறுத்திருந்தால் நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். மூட்டுகளை விரலால் அழுத்திப் பாருங்கள். 'எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) பார்த்திருப்பார்கள்' என்ற நம்பிக்கையும் வேண்டாம். பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றி அமைக்காத வண்டிக்கு 2018 முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. மைனர் எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை.

கன்வெர்ட்டிபிளுக்கு இன்னும் கவனம் தேவை. சலூன் (நிலையான கூரை உள்ள சாதாரண கார்) வண்டியின் கூரையை வெட்டித் துணிக்கூரை போட்டவை நிறையவே ஓடுகின்றன. முறையாக வலுவூட்டியிருந்தால் ஓட்டலாம். ஆனால் கம்பெனியிலேயே துணிக்கூரையோடு வந்த வண்டியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். மைனர் காருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கூரையும் பலத்தில் பங்கெடுக்கிறது. வலுவூட்டாமல் வெட்டிய வண்டி நடுவில் தொய்யும். கதவை மூடும்போது பின்விளிம்பில் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேனும் பிக்அப்பும் மட்டும் தனி சேஸிஸ் மேல் நிற்பவை. அதனால் அவற்றின் அடிப்பாகத்தைச் சலூனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இளம் ஊதா நிறத்தில் 'மைனர் 1000000' பேட்ஜோடு 350 வண்டிகள் வந்தன. பத்து லட்சமாவது மைனர் உருவானதன் நினைவாகச் செய்தவை. நிறத்தை யாரும் அடிக்கலாம், பேட்ஜையும் செய்யலாம்.

இதற்கெல்லாம் நான் முதலில் பார்ப்பது சேஸிஸ் தகடு, அதாவது வண்டியின் அடையாள எண் உள்ள தகடு. 1958-க்குப் பிறகான வண்டிகளில் எம், ஏ என்ற எழுத்துகளுக்கு அடுத்து வருவதுதான் உடல் வகை. 2எஸ் என்றால் இரண்டு கதவு, எஸ் மட்டும் இருந்தால் நான்கு கதவு, டி (T) என்றால் துணிக்கூரை, டபிள்யூ என்றால் டிராவலர். பின்னால் வரும் எண் 3 என்றால் 948 சிசி, 5 என்றால் 1098 சிசி. என்ஜின் எண் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. தகட்டில் 2எஸ் இருந்து மேலே துணிக்கூரை இருந்தால், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குத் தெரியும். தகட்டை, என்ஜின் எண்ணை, பதிவுச் சான்றிதழை மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.