‘மூடு’ என்றால் மூன்று: ஆந்திர எல்லைப் பள்ளிக்குப் போகும் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் மூன்று பென்சிலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்டால் "மூடு" என்று பதில் வரும். புதிதாகப் போன ஆசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிள்ளை சொன்னதோ சரியான விடை. தெலுங்கில் மூன்றுக்கு மூடு, ஏழுக்கு ஏடு.

பள்ளிப்பட்டு, பேரணாம்பட்டு, வேப்பனப்பள்ளி என்று வடக்கு எல்லையோரத்தில் பல வீடுகளின் பேச்சு தெலுங்குதான். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததே 1960 ஏப்ரல் 1 அன்று. 2006-ம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தின்படி, ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடம் ஆனது. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு ஆணை வாங்கிப் போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை.

பேசாத பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டுவதுதான் இதில் பெரிய தவறு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம்; அரும்புதான் கீழ்நிலை. முதல் வாரத்திலேயே தமிழில் கேள்வி கேட்டு, பதில் வராத எல்லோரையும் எல்லாப் பாடத்துக்கும் அரும்பில் போட்டுவிடுவார்கள். வீட்டில் ஆடு எண்ணிப் பழகிய பிள்ளை தெலுங்கில் ஐம்பதுவரை தடுக்காமல் எண்ணும். அதைக் கேட்க ஆளில்லை. கணக்கைச் சோதிக்க வாய்ப்பேச்சு வேண்டாம். இருபது புளியங்கொட்டையைக் கொட்டி, விரலால் எட்டு காட்டி, அத்தனை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு குவியல் வைத்து எது அதிகம் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தமிழுக்கும் அப்படித்தான்: முதல் இரண்டு வாரம் "சொல்லு" என்று கேட்காமல் "காட்டு" என்று கேட்டால், பிள்ளைக்குப் புரிவது எவ்வளவு, பேச வராதது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. தெலுங்கு தெரிந்த ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்வார். பத்தே நாளில் பிள்ளைகள் தமிழ் வரும்போது வேடிக்கை பார்த்துவிட்டுத் தெலுங்குக்குக் காத்திருப்பார்கள். தெலுங்கு தெரியாத ஆசிரியரோ ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை மொழிபெயர்க்க அழைத்து வைத்துக்கொள்வார். அவள் பாடம் போய்விடும். எளிய வழி ஒன்று இருக்கிறது. தினம் ஐந்து சொல். பலகையில் படம், இடப்பக்கம் வீட்டுச் சொல்லைத் தமிழ் எழுத்தில், வலப்பக்கம் தமிழ்ச் சொல்: செட்டு – மரம், ஆவு – மாடு, செருவு – ஏரி. பாடத்துக்கு முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கிவிட்டு, பாடத்தைத் தமிழிலேயே நடத்துங்கள். வெள்ளிக்கிழமை இடப்பக்கத்தை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். வீட்டுச் சொல்லை ஆந்திரப் பாடநூலில் தேடாமல் பிள்ளையின் வாயிலிருந்தே எடுங்கள். எல்லையோரத் தெலுங்கில் பாதி தமிழ் கலந்திருக்கும்.

இந்தச் சொற்களை எழுதி வைக்கும் நோட்டில், ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் சொற்களுக்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும். வான என்றால் அவர்களுக்கு மழை. பந்தி என்றால் பன்றி. கல்யாணப் பந்தி பற்றிய பாடத்தில் வகுப்பே சிரிப்பது அதனால்தான். சூடு என்றால் பார். கோடி என்றால் கோழி. இந்தக் கடைசிச் சொல்லை வைத்தே ழகரத்தைத் தொடங்கலாம்: கோடி–கோழி, ஏடு–ஏழு. அவர்கள் 'ட' சொல்லும் இடத்தில் நாக்கை இன்னும் உள்ளே மடித்து, அண்ணத்தில் ஒட்டாமல் விடச் சொன்னால் ஒலி பிடிபடும். "ழ வராது, தெலுங்குப் பிள்ளை" என்று விட்டுவிடுவது சோம்பல். வீட்டில் சுத்தத் தமிழ் பேசும் பிள்ளைகளிலும் பலருக்கு அது வருவதில்லை.

எழுத்துப் பிழையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். வேர் அவர்களுக்கு வேரு, வில் வில்லு, முள் முல்லு. புள்ளி வைக்க மறந்தார்கள் என்று நினைத்து நூறு தடவை எழுதச் சொன்னால் திருந்தாது, ஏனென்றால் காதிலேயே உகரம் இருக்கிறது. வேர்–வேரு, கால்–காலு என்று இரண்டையும் நீங்கள் சொல்லி, எதில் உதடு குவிகிறது என்று பார்க்க வையுங்கள். பம்பரத்தில் முதல் பகரமும் இரண்டாவது பகரமும் அவர்கள் காதுக்கு வேறு வேறு ஒலி. எழுத்து மட்டும் ஏன் ஒன்று என்று குழம்புவது நியாயமே. சொல்லின் முதலில் அழுத்தம், மெல்லினத்துக்குப் பின்னால் மென்மை என்ற ஒரு விதியைப் பந்து, தம்பி, சங்கு என்று சொல்லிக் காட்டினால் போதும்.

பாடத்துக்கு வெளியே முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை நீள்ளு (தண்ணீர்), ஆக்கலி (பசி), கடுப்பு நொப்பி (வயிற்றுவலி). கடைசியைக் கேட்டு, யாரோ கடுப்பேற்றுகிறார்கள் என்று நினைத்து அனுப்பிவிட்டால் வகுப்பறையைக் கழுவ வேண்டி வரும். "நீ வா சார்" என்று பிள்ளை கூப்பிட்டால் அது திமிர் இல்லை. தமிழில் 'நீங்கள்' அதற்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வருகைப் பதிவேட்டில் நடக்கும் தவறு நாட்காட்டியைப் பார்க்காததால் வருவது. கிருஷ்ணகிரிப் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் புளி உடைக்கும் வேலை. ஏப்ரலில் மாங்காய் தொடங்கிவிடும். பொங்கல் முடிந்ததும் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. பக்கத்து ஊரில் எருது விட்டால் உங்கள் வகுப்பும் காலி. அந்த நாளில் தேர்வு வைத்துவிட்டு மதிப்பெண் குறைந்தது என்று புலம்புவதில் பொருளில்லை. ஜூன் மாதமே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் கேட்டு ஜாத்திரை (ஊர்த் திருவிழா), எருது, அறுவடை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். குடும்பத்தோடு பெங்களூருக்கோ செங்கல் சூளைக்கோ போகும் பிள்ளையின் பெயரை அவசரப்பட்டு எமிஸில் (மாணவர் விவரம் பதியும் கல்வித்துறை இணையதளம்) காமன் பூலுக்கு, அதாவது பள்ளியை விட்டவர்களின் பொதுப்பட்டியலுக்கு, தள்ளாதீர்கள். முதலில் போன் போட்டு, அங்கே பள்ளியில் சேர்க்கிறார்களா, திரும்பி வருகிறார்களா என்று கேளுங்கள். சேர்க்கிறார்கள் என்றால் உடனே விடுவியுங்கள். விடுவிக்காமல் வைத்திருந்தால் அந்தப் பள்ளி பதிவேற்ற முடியாது.

சத்துணவுக்குத் தொடக்க வகுப்பில் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 38 பேர் வந்தால் 3 கிலோ 800 கிராம். படியால் கண்ணளவாக அளக்க விட்டால் மாதக் கடைசியில் இருப்பு இடிக்கும். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைச் சமையலர் கையில் தருவதும் தவறு. காலை மணி அடித்த பிறகு தலையை எண்ணிச் சொல்லுங்கள்.

செயலியில் வருகை போட சிக்னல் தேடி வகுப்பை விட்டு ஏரிக்கரைக்கு நடக்கும் காட்சி இந்தப் பக்கம் சாதாரணம். போன் தானாக ஆந்திர டவரைப் பிடித்து விட்டுவிட்டு அறுந்துகொண்டே இருக்கும். போன் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். வருகையை முதலில் தாளில் எடுத்துவிட்டு, இருவரில் ஒருவர் மட்டும் போய்ப் பதிவு செய்து வாருங்கள். இதே டவர் சிக்கலால் 108-க்கு அழைத்தால் அழைப்பு ஆந்திரக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடக்கூடும். எனவே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நேரடி எண்ணும் ஊரில் வண்டி வைத்திருப்பவர் எண்ணும் கரும்பலகைக்கு மேலே எழுதியிருக்கட்டும். பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. காலை அசைக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஊரோடு பழகுவதில் ஒரு தவறு கண்ணுக்கே தெரியாது. பஸ் இறங்கியதும் காபி கொடுக்கும் பெரிய வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுவது. காலனித் தெருவுக்கு ஒரு தடவைகூடப் போகாத ஆசிரியரிடம் அந்தத் தெருப் பெற்றோர் எதுவும் சொல்ல மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் எல்லோரும் உள்ளே வர முடியாது. பகல் பதினொரு மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் வர மாட்டார்கள். பள்ளிக்கூடத்திலேயே, வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் வையுங்கள். அன்று கடைசி பஸ் போய்விடும். யார் வண்டியில் இறங்குவது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்தாய்வில் இடமாறுதல் கிடைத்துப் போகிறவர்கள் சொற்பட்டியல் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்து வருகிறவர் மறுபடி 'மூடு'விலிருந்து தொடங்குவார். நோட்டை வருகைப் பதிவேட்டோடு சேர்த்து, கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.